தங்கத்தின் தூய்மைக்கு யார் கொடுத்த விலை?

பழைய நகையை அழித்துப் புதிது செய்வது தமிழர் குடும்பங்களில் வழக்கம். 916 நகையில் தங்கம் 91.6 விழுக்காடு, மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். அவற்றைப் பிரிக்கும் கலை மிகப் பழமையானது.

இன்றைய துருக்கியிலுள்ள சார்டிஸ் நகரில், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பொன் உலைகளை 1968இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். தங்கத் தகடுகளை உப்போடு மண்கலத்தில் அடைத்து, தங்கம் உருகாத சூட்டில் அங்கே புடம் போட்டார்கள். உப்பு வெள்ளியைப் பிரித்தெடுத்தது, தங்கம் மிஞ்சியது.

மத்திய கால ஐரோப்பாவில் நைட்ரிக் அமிலம் வந்தது. பட்டறைகளில் அதற்குத் திராவகம் என்று பெயர். அது வெள்ளியையும் செம்பையும் கரைக்கும், தங்கத்தைக் கரைக்காது. ஆனால் தங்கம் மிகுந்திருந்தால் அமிலம் உள்ளே புகாது. எனவே ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி சேர்த்து உருக்குவார்கள். தூய்மைப்படுத்துவதற்கே முதலில் கலப்பு!

1867இல் சிட்னி நாணயச்சாலையின் மில்லர், உருகிய தங்கத்தில் குளோரின் வாயுவைச் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1874இல் ஜெர்மனியின் வோல்வில் மின்சாரத்தைப் பயன்படுத்தினார், அம்முறையில் 99.99 விழுக்காடு தூய்மை கிட்டும்.

ஆயினும் சிறு பட்டறைகளில் திராவகம் ஓயவில்லை. அதிலிருந்து எழும் பழுப்புப் புகை நுரையீரலைத் தாக்கும். மூச்சுத்திணறல் பல மணி நேரம் கழித்தே தெரியலாம். நகைக்கடையில் சேதாரம் எவ்வளவு என்று கேட்காதவர் இல்லை. பட்டறையில் புகைபோக்கி உண்டா என்று கேட்பவர் எத்தனை பேர்?