கேட்காமல் ஏற்றிய விளக்கு



சில ஆண்டுகளுக்கு முன் எனது நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். காலையில் எல்லாருக்கும் முன்பாக வந்து, வெண்பலகையின் ஓரத்தில் ஒரு திருக்குறளை எழுதி வைப்பாள். எவரும் சொல்லிச் செய்ததன்று. அதைக் கண்டு மகிழ்ந்த நான், ஆசிரியருக்கே உரிய அவசரத்தோடு ஒரு பட்டியல் தயாரித்துச் சுவரில் ஒட்டினேன். இன்ன நாளில் இன்னார் எழுத வேண்டும். எழுதாதவர் பெயர் குறிக்கப்படும். குறள் தவறாமல் வந்தது. அந்த மாணவி மட்டும் முன்னதாக வருவதை நிறுத்திக்கொண்டாள்.

யூதர்களின் சமய வரலாற்றைப் படித்தபோது இந்நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது. மரபுக் கணக்கின்படி 613 கட்டளைகள் கொண்ட சமயம் அது. அத்தகைய சமயத்தில், கட்டளையில் அடங்காத சிறு செயலுக்கு என்ன இடம் உண்டு? இக்கேள்வியை அவர்களுடைய அறிஞர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசி வருகின்றனர்.

ஹனுக்கா விளக்கை எடுத்துக்கொள்வோம். கி.மு. 164-இல் மக்கபேயர்கள் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தியதன் நினைவாக எட்டு இரவுகள் கொண்டாடப்படும் விழா அது. யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தால்மூத் கூறும் அடிப்படைக் கடமை மிகச் சிறியது: ஓர் இரவுக்கு, ஒரு வீட்டுக்கு, ஒரு விளக்கு. அவ்வளவுதான். விரும்பிச் சிறப்பிக்க நினைப்பவர் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு ஏற்றலாம். அதற்கும் மேலே செல்ல விரும்புவோர் எப்படி ஏற்றுவது என்பதில்தான் ஷம்மாய், ஹில்லேல் என்னும் இரு ஆசிரியர்களின் வழிவந்தோர் வேறுபட்டனர். முதல் இரவில் எட்டு ஏற்றி நாளுக்கொன்றாகக் குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் மரபு. ஒன்றில் தொடங்கி எட்டு வரை கூட்ட வேண்டும் என்றது ஹில்லேல் மரபு. புனிதமான செயலில் ஏறிச் செல்லலாமேயன்றி இறங்கலாகாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. சீதோன் நகரில் இரு முதியவர்கள் இருந்தார்களாம். ஒருவர் குறைத்து ஏற்றினார், மற்றவர் கூட்டி ஏற்றினார். இருவர் மீதும் யாரும் குறை கூறியதாகத் தெரியவில்லை.

எட்டு விளக்குகளோடு முடிந்திருக்க வேண்டிய விழாவில், ஹில்லேல் முறைப்படி 36 சுடர்கள் எரிகின்றன. இன்று உலகெங்கும் யூத இல்லங்களில் இந்தக் கூடுதல் முறையே வழக்கம். குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டைக் காண்பதே அரிது. கடமையை அழகுபடுத்திச் செய்வதற்கு அவர்கள் 'ஹித்தூர்' என்று பெயரிட்டுள்ளனர். அதற்காக மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாகச் செலவிடலாம் என்றும் தால்மூத் அளவு சொல்கிறது. அழகுக்கும் அளவுகோல் வைத்துவிட்டார்களே என்று படித்தவுடன் சிரித்துவிட்டேன்.

ஆலயம் நின்றிருந்த காலத்துச் செய்தி ஒன்றும் உண்டு. பலியிடும் விலங்கின் தலைமீது கை வைப்பது ஆண்களுக்கே விதிக்கப்பட்ட சடங்கு. ஆயினும் ஒருமுறை ஒரு கன்றைப் பெண்கள் நிற்கும் முற்றத்துக்குக் கொண்டுசென்று, அவர்களையும் கை வைக்கச் செய்தார்களாம். கடமை இருந்ததனால் அன்று. அவர்கள் மனம் நிறைய வேண்டும் என்பதற்காக.

ஆனால், விருப்பச் செயலைச் சட்டமாக்கும் ஆசையும் அம்மரபில் இருந்தது. கி.பி. 70-இல் ஆலயம் அழிந்தபின், யாவ்னே என்னும் ஊரில் அறிஞர் சபை கூடியது. காலை வேண்டலும் பிற்பகல் வேண்டலும் ஆலயத்தின் அன்றாடப் பலிகளுக்கு ஈடானவை. இரவு வேண்டலுக்கு அவ்வாறு ஈடாக ஒரு பலி இல்லை. எனவே அது விருப்பத்தைச் சார்ந்தது என்றார் ரபி யோசுவா. கடமையே என்றார் சபைத் தலைவர் கமாலியேல். மாற்றுக் கருத்து உண்டா என்று சபையில் தலைவர் வினவ, இல்லை என்றார் யோசுவா. அவர் முன்பு கூறியது தலைவருக்கு எட்டியிருந்தது. எழுந்து நில்லும் என்றார். நிற்க வைத்தபடியே தாம் அமர்ந்து பாடம் நடத்தினார். வகுப்பில் மாணவனை நிற்க வைத்த அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை? கூட்டம் முணுமுணுத்தது. இறுதியில் தலைவரையே பதவியிலிருந்து நீக்கிவிட்டனர். அன்றே வாயிற்காவலன் அகற்றப்பட்டான். கமாலியேல் காலத்தில், உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாத மாணவனுக்கு அனுமதி கிடையாது. கதவு திறந்ததும் சபையில் புதிதாக 400 பலகைகள் போடப்பட்டன என்கிறது ஒரு கூற்று. 700 என்கிறது மற்றொன்று. பின்னர் கமாலியேல் மன்னிப்புக் கேட்க யோசுவாவின் வீட்டுக்குச் சென்றார். சுவரெல்லாம் கரி படிந்திருந்தது. அத்தனை பெரிய அறிஞர் கரித்தொழில் செய்து பிழைக்கிறார் என்பதே அப்போதுதான் தலைவருக்குத் தெரிந்தது.

வழக்கில் வென்றவர் யார்? மைமோனிடிஸ் (மறைவு: 1204) தரும் விடை எனக்கு மிகவும் பிடித்தது. இரவு வேண்டல் சட்டப்படி கடமையன்று. ஆயினும் மக்கள் எல்லாரும் அதைத் தாமாகவே கடமைபோல் ஏற்றுக்கொண்டனர் என்கிறார் அவர். அதன் சுவடு இன்றும் உண்டு: காலையிலும் பிற்பகலிலும் தலைமை வேண்டலை வழிநடத்துபவர் மீண்டும் உரக்கச் சொல்வார், இரவில் சொல்வதில்லை.

இதற்கு எதிர்க்கருத்தையும் சொல்லியாக வேண்டும். பாபிலோனியாவில் பார்வையற்ற அறிஞர் ஒருவர் இருந்தார், ரவ் யோசேப்பு என்பது பெயர். பார்வையற்றோருக்குக் கட்டளைகளிலிருந்து விலக்கு என்று யாரேனும் உறுதி செய்தால் விருந்து வைப்பேன் என்று எண்ணியிருந்தார். கடமையில்லாமலே அத்தனையும் செய்கிறோம் என்ற பெருமை. பிறகு ரபி ஹனினாவின் கருத்தைக் கேட்டார்: கட்டளை பெற்றுச் செய்பவரே கட்டளையின்றிச் செய்பவரைவிட உயர்ந்தவர். உடனே, விலக்கு இல்லை என்று சொல்பவருக்கே விருந்து என்று மாற்றிக்கொண்டார். கட்டளை பெற்றவருக்குத் தவறிவிடுவோமோ என்ற கவலை கூடுதல் என்று இடைக்கால ஐரோப்பிய உரையாசிரியர்கள் விளக்கினர். பட்டியல்படி குறள் எழுதிய மற்ற மாணவர்களை நான் குறைவாக மதித்துவிட்டேனோ என்று இதைப் படித்தபின் எண்ணினேன். வேண்டாவெறுப்பாக வந்தும் தவறாமல் எழுதினார்களே!

இவ்வாண்டு பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். வெண்பலகையின் ஓரத்தை மட்டும் அழிக்காமல், எழுதாமல் விட்டு வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் எழுதவில்லை.