முகப்பு விளக்குக் குமிழ் எரிந்துபோதல்

முகப்பு விளக்குக் குமிழ் எரிந்துபோதல் என்பது தானுந்தின் முன்புற விளக்குகளில் உள்ள மின்குமிழ், தன் இயல்பான ஆயுள் முடியும் முன்னரே மீண்டும் மீண்டும் செயலிழக்கும் பழுது ஆகும். பேச்சு வழக்கில் ஹாலஜன் பல்பு எனப்படும் ஆலசன் குமிழ்களிலேயே இது பெரிதும் காணப்படுகிறது. ஒரு விளக்கு மட்டும் எரியும் தானுந்தை, இரவில் எதிரே வருபவர் இருசக்கர வண்டி எனப் பிழையாகக் கருத நேரும். ஆகவே குமிழை மாற்றுவதோடு நில்லாமல், பழுதின் காரணத்தையும் கண்டறிதல் இன்றியமையாதது.

குமிழின் அமைப்பு

ஆலசன் குமிழ்கள் 1960களில் ஐரோப்பியத் தானுந்துகளில் பயன்பாட்டுக்கு வந்தன. பரவலாகப் பயன்படும் எச்4 வகைக் குமிழில் இரண்டு மின்னிழைகள் உள்ளன. 12 வோல்ட்டுக் குமிழில் உயர் ஒளிக்கற்றைக்கு 60 வாட்டும் தாழ் ஒளிக்கற்றைக்கு 55 வாட்டும் பெயரளவுத் திறன்களாகும்.

மின்னிழை தங்குதனால் ஆனது. சூடேறும்போது அதிலிருந்து ஆவியாகும் தங்குதன், குமிழினுள் உள்ள புரோமின் அல்லது அயோடினுடன் சேர்ந்து மீண்டும் மின்னிழையில் படிகிறது. ஆயினும், அது மெலிந்த இடத்திலேயே படிவதில்லை. எனவே காலப்போக்கில் மின்னிழையின் ஓரிடம் மெலிந்து அறுகிறது.

இயல்பான ஆயுள்

குமிழின் ஆயுள் பொதுவாகச் சில நூறு மணி நேரம் முதல் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் வரை அமையும். 500 மணி நேரம் உழைக்கும் குமிழ், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் எரிந்தால் ஓராண்டும் நான்கு மாதமும் நீடிக்கும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எரிந்தால் ஆறு மாதம் கூட நீடிக்காது. ஒரே நாளில் பொருத்திய இரு குமிழ்கள் அடுத்தடுத்து எரிந்துபோவதும் இயல்பே. கூடுதல் வெளிச்சம் தருவதாக விற்கப்படும் குமிழ்கள் பலவற்றின் ஆயுள் குறைவு.

காரணங்கள்

* மிகை மின்னழுத்தம்: மின்னழுத்தம் 5% உயர்ந்தாலே குமிழின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. ஆல்ட்டர்னேட்டர் எனப்படும் மின்னாக்கியின் மின்னழுத்தச் சீராக்கி பழுதடைதல் இதன் முதன்மைக் காரணம். பேட்டரி முனைகள் தளர்ந்திருந்தாலும் மின்னழுத்தம் திடீரென எகிறக்கூடும்.
* விரல் படுதல்: வியர்வையும் எண்ணெய்ப் பசையும் படிந்த இடத்தில் குவார்ட்சுக் கண்ணாடி சீரின்றிச் சூடாகி வலுவிழக்கிறது.
* அதிர்வு: விளக்கோ குமிழோ சரியாகப் பொருந்தாவிடில், சூடான மின்னிழை அதிர்வினால் அறுந்துவிடும்.
* தளர்ந்த இணைப்பு: மின்னோட்டம் விட்டுவிட்டுப் பாய்வதால் மின்னிழை அடிக்கடி குளிர்ந்து சூடாகிறது. குளிர்ந்த மின்னிழையின் மின்தடை மிகக் குறைவாதலால், ஒவ்வொரு முறையும் பெருமளவு மின்னோட்டம் பாய்கிறது. ஹோல்டரும் சூடாகி உருகக்கூடும்.
* நீர் புகுதல்: விளக்கின் கண்ணாடியிலோ இரப்பர் உறையிலோ உள்ள விரிசல் வழியாகப் புகும் நீர், சூடான குமிழில் பட்டு அதனை வெடிக்கச் செய்யலாம்.

கண்டறியும் முறை

முதலில் எந்தப் பக்கக் குமிழ் எரிந்துபோகிறது என்பது நோக்கப்படுகிறது. மிகை மின்னழுத்தம் இரு பக்கத்தையும் தாக்கும். ஒரே பக்கக் குமிழ் மட்டும் திரும்பத் திரும்ப எரிந்துபோனால், அப்பக்கத்து ஹோல்டர், பொருத்துகை, நீர்க்கசிவு ஆகியன ஆராயப்பட வேண்டும்.

கழற்றிய குமிழின் தோற்றமும் காரணத்தைச் சுட்டும். கண்ணாடி கருமையடைந்திருப்பின் குமிழ் தன் ஆயுளை முடித்திருக்கலாம். உட்புறத்தில் வெண்மையான அல்லது மஞ்சளான பொடி படிந்திருப்பின் உள்ளே காற்று புகுந்துள்ளது. கண்ணாடி தெளிவாக இருந்து மின்னிழை மட்டும் அறுந்திருப்பின் அதிர்வை ஐயுறலாம். கண்ணாடி ஓரிடத்தில் புடைத்திருப்பின் விரல் பட்டிருக்கக்கூடும்.

அடுத்து, இயந்திரம் ஓடும்போது பேட்டரி முனைகளில் மின்னழுத்தம் பன்மானியால் அளக்கப்படுகிறது. பல தானுந்துகளில் இது 13.5 முதல் 14.5 வோல்ட்டு வரை இருக்கும். இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டும்போது 15 வோல்ட்டைத் தாண்டினால் சீராக்கியில் பழுது உள்ளதெனலாம். பின்னர் விளக்கை எரியவிட்டு ஹோல்டரில் அளக்க வேண்டும். பேட்டரியைவிட அங்கு அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், கம்பியிலோ எர்த்து இணைப்பிலோ குறை உள்ளது.

சரிசெய்தல்

சீராக்கி பழுதாயின் அதனையோ மின்னாக்கியையோ மாற்ற வேண்டும். துருவேறிய எர்த்து இணைப்பைச் சுரண்டித் தூய்மை செய்து இறுக்க வேண்டும். உருகிய ஹோல்டரில் புதுக் குமிழைப் பொருத்துவது பயனற்றது. ஹோல்டரையும் மாற்றுதல் வேண்டும்.

புதுக் குமிழை அதன் உலோக அடிப்பகுதியில் மட்டுமே பிடிக்க வேண்டும். கண்ணாடியில் விரல் பட்டுவிட்டால், குளிர்ந்த நிலையில் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைக்கலாம். இரு பக்கக் குமிழ்களையும் ஒருசேர மாற்றுவது நன்று. 100 வாட்டு போன்ற மிகுதிறன் குமிழ்களை மூலக் கம்பிகளிலேயே இணைத்தால் கம்பி, ஆளி, ஒளித்தெறிப்பி ஆகியன வெப்பத்தால் கெடும்.

பாதுகாப்பு

குமிழைக் கழற்றுமுன் விளக்கை அணைத்து, அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். குமிழினுள் வளிமம் உயர் அழுத்தத்தில் உள்ளதால், கீறலுற்றால் வெடிக்கலாம். செனான் விளக்குகள் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவதால், அவற்றைப் பயிற்சி பெற்றவரே கையாள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஆலசன் விளக்கு
* மின்னாக்கி
* தங்குதன்