குன்றும் குதிரையும்: மைசூர்ப் படை கற்றதும் நழுவவிட்டதும்

நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும் குன்றின் உச்சியில் ஒரு கோட்டை இருக்கிறது. 200 அடிக்கும் மேல் உயர்ந்த அப்பாறைமீது நிற்பவருக்குச் சுற்றியுள்ள சமவெளி வெகுதூரம் கண்ணுக்கெட்டும். இத்தகைய கோட்டைகளைக் கைக்கொண்டவரே நாட்டையும் கைக்கொண்டவர் என்பது நெடுங்காலப் போர்மரபு. அம்மரபு இம்மண்ணில் பொய்த்துப்போன ஆண்டு 1768.

முதலாம் மைசூர்ப் போரின்போது, அவ்வாண்டில் கர்னல் வுட் தலைமையிலான கும்பெனிப் படை சேலம், நாமக்கல், ஈரோடு, திண்டுக்கல் எனக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தது. பிடித்த இடந்தோறும் சிறு காவற்படையை நிறுத்திற்று. கோட்டைகள் பெருகின, படையோ சிதறிற்று. ஆண்டு முடிவதற்குள் ஹைதர் அலியின் படை கணவாய் வழியே விரைந்து இறங்கி, இழந்தவற்றில் பெரும்பாலானவற்றை மீட்டது. நாமக்கல்லும் அவற்றுள் ஒன்று. 1769 மார்ச்சில் பெரும்படையையும் சுமைகளையும் திருப்பி அனுப்பிவிட்டு, ஏறத்தாழ 6,000 குதிரைவீரருடன் மூன்றரை நாளில் 130 மைல் கடந்து சென்னையின் வாயிலில் வந்து நின்றார் ஹைதர். ஏப்ரலில் கும்பெனி உடன்படிக்கைக்கு இணங்கிற்று.

இவ்விரைவைத் தனிமனித வீரம் என்று மட்டும் கூறி நாம் கடந்துவிடலாகாது. அதன் பின்னே ஒரு படையமைப்பின் மாற்றம் இருக்கிறது.

அக்காலத் தென்னிந்தியப் படைகள் பெரும்பாலும் பாளையக்காரரும் ஜாகீர்தாரும் அழைத்துவரும் ஆட்களால் ஆனவை. சிலேதார் எனப்பட்ட குதிரைவீரன் தன் சொந்தக் குதிரையுடன் வந்தான். குதிரை மாண்டால் அவன் பிழைப்பும் மாண்டது. ஆகவே, ஆபத்து மிகுந்த இடத்தில் அதை ஓட்ட அவன் தயங்கியது இயல்பே. அவனுடைய விசுவாசமும் அரசனுக்கன்று. தன்னை அழைத்துவந்த தலைவனுக்கே உரியது. இவ்வமைப்பில் எவ்வளவு அறிவுள்ள தளபதியும் விரைந்து முடிவெடுக்கலாம். விரைந்து நிறைவேற்ற முடியாது.

ஹைதர் இம்முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிய இடமும் தமிழகமே. 1755இல் திண்டுக்கல்லின் ஃபவ்ஜ்தாராக அமர்ந்த அவர், பிரெஞ்சுக்காரரின் உதவியுடன் அங்கே பீரங்கிப் படையையும் படைக்கலச் சாலையையும் அமைத்தார். பின்னர் ஆட்சி கைக்கு வந்ததும், அரசே குதிரை கொடுத்து அரசே நேராக ஊதியம் வழங்கும் படைப்பிரிவுகளைப் பெருக்கினார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், கற்றோர் பலர் செய்யத் தயங்கியதைச் செய்தார்: எதிரியிடம் சிறந்ததைக் கண்டால் கூச்சமின்றி எடுத்துக்கொண்டார், தம்மிடம் சிறந்ததாக இருந்த குதிரைப்படையைக் கைவிடவுமில்லை.

மாடுகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். பீரங்கி இழுக்கும் காளை எவ்வளவு விரைவாக நடக்குமோ அவ்வளவே ஒரு படையின் விரைவு. பின்னர்த் திப்பு சுல்தான் ‘அம்ரித் மஹால்’ எனப் பெயரிட்ட மாட்டினத்தை மைசூர் அரசு தனித் துறையாகவே பேணியது. 1781இல் சிதம்பரத்தைக் காக்க ஹைதர் இரண்டரை நாளில் 100 மைல் கடந்தது இக்காளைகளின் வலிமையால்தான்.

தந்தையின் பட்டறிவைத் தனயன் சட்டமாக்கினார். திப்பு சுல்தானின் ஆணைப்படி ஜைனுல் ஆபிதீன் ஷூஷ்தரி பாரசீகத்தில் இயற்றிய ‘ஃபத்ஹுல் முஜாஹிதீன்’ படைநடத்தையை வகுத்துரைத்த நூல். படை ‘குஷூன்’ என்னும் பிரிவுகளாக ஒழுங்குபெற்றது. ஒவ்வொன்றிலும் ஏவுகணை வீரர் குழு இணைக்கப்பட்டது. இரும்புக் குழாயில் மருந்தடைத்த அந்த ஏவுகணைகள் 1780 செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்தையடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படைக்கெதிராகப் பயன்பட்டன. 2018இல் ஷிவமொக்கா மாவட்டத்து நகராவில், பாழ்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏவுகணைகள் தோண்டி எடுக்கப்பட்டமை வாசகர் அறிந்ததே.

அவ்வாறாயின் இப்படை ஏன் வீழ்ந்தது? நம் மேடைகளில் இதற்கு ஒரே விடைதான் ஒலிக்கிறது: மீர் சாதிக்கின் துரோகம். துரோகத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் துரோகம் ஒன்றையே காரணமாக்கினால் கற்பதற்கு ஒன்றும் எஞ்சாது.

1791 மே மாதம் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். திப்புவின் படையினர் சுற்றுப்புறத் தீவனத்தையும் தானியத்தையும் அழித்திருந்தனர். இழுவை மாடுகள் மடிந்தன, உணவு அற்றது. தம் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டு அவர் பின்வாங்கினார். அது பழைய மைசூர் முறையின் வெற்றி. ஆயினும் தோற்றவரே பாடம் கற்றார். பஞ்சாரா வணிகரின் மாட்டுக் கூட்டங்களைக் கொண்டு தானிய வழியை உறுதிசெய்துகொண்டு 1792 பிப்ரவரியில் மீண்டும் வந்தார். அவ்வாண்டு மார்ச் உடன்படிக்கையில் திப்பு நாட்டின் பாதியை இழந்தார். பாராமகாலும் சேலமும் நாமக்கல்லும் சங்ககிரியும் கும்பெனிக்குப் போயின. குதிரைப்படையின் பங்கைக் குறைத்துக் காலாட்படையையும் கோட்டைச் சுவரையும் திப்பு மிகுதியாக நம்பினார் என்பது வரலாற்றாசிரியர் பலர் சுட்டும் குறை. 1799 மே 4இல் அச்சுவரின் உடைப்பு வழியேதான் பகைவர் நுழைந்தனர்; வாளேந்தியவாறே சுல்தான் ஷஹீதானார். அவருடைய வீரத்தில் ஐயமில்லை. 1768இல் கோட்டைகளை நம்பிக் கெட்டது கும்பெனி. 1799இல் கோட்டையை நம்பி நின்றது மைசூர் என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

இப்பாடம் நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 2இல் பத்ருக் களத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பாசறை அமைத்தபோது, ஹுபாப் இப்னுல் முன்திர் (ரலி) அவர்கள் ஒன்றைக் கேட்டார்கள்: இவ்விடம் அல்லாஹ் காட்டியதா, அல்லது போர் உபாயம் கருதி நாமாகத் தேர்ந்ததா? உபாயமே என்று விடை வந்ததும் நீர்நிலையருகே வேறிடம் கூறினார்கள். நபியவர்கள் பாசறையை மாற்றினார்கள். ஹிஜ்ரி 5இல் ஸல்மானுல் ஃபாரிஸி (ரலி) அவர்கள் கூறிய பாரசீக அகழ்முறை, அரபியர் அறியாதது என்பதற்காகத் தள்ளப்படவில்லை. உஹதுப் போரில் நேர்ந்த இழப்புக்குப் பின்னரும், தோழர்களுடன் கலந்தாலோசிக்குமாறே ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஆலோசனை ஒருமுறை இழப்பில் முடிந்தாலும் ஆலோசிக்கும் வழக்கம் நிற்கலாகாது என்பது இதிலிருந்து நாம் பெறும் தெளிவு.

ஹுபாப் (ரலி) அவர்களின் கேள்வி மார்க்கத்தையும் உபாயத்தையும் பிரித்தறியும் கேள்வி. மார்க்கத்தில் மாற்றமில்லை, உபாயத்தில் மாறாமையே ஆபத்து. நம் முன்னோர் வகுத்த உபாயங்களை மார்க்கமென்று எண்ணிப் பூட்டிவைக்கும் பழக்கம் படைகளுக்கு மட்டும் உரியதன்று. மத்ரஸாக்களும் ஜமாஅத்துகளும் அறநிலையங்களும் தம் நடைமுறை ஒவ்வொன்றின்மீதும் அக்கேள்வியை எழுப்பட்டும். எழுப்புகிறவர் இளையவராயினும், கேட்டுப் பாசறையை மாற்றும் மனம் மூத்தோர்க்கு வேண்டும்.