தீவக ஊரறிவித்தல்: பறையிலிருந்து பதிவுக் குரல் அழைப்பு வரை

"இண்டைக்குப் படகு ஓடுமோ?" குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரும் நெடுந்தீவார் முதலில் கேட்பது இதைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் ஏறி மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு வழியாக வரும் தெரு குறிகட்டுவானோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் நயினாதீவுக்குக் குறுகிய கடல். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரக் கடல். காற்று எழும்பினால் படகு நிற்கும். நின்ற செய்தி வீட்டில் இருக்கும்போதே கிடைக்காவிட்டால் நோயாளிக்கு ஆஸ்பத்திரித் தவணை தவறும். ஆசிரியருக்கும் மீன் ஏற்றி வருபவருக்கும் ஒரு நாள் வீணாகும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வந்த பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, இந்தக் கேள்விக்குள் நெடுங்காலம் உயிரச்சமும் இருந்தது.

ஒரே செய்தியை ஒரே பொழுதில் பலருடைய காதிலும் சேர்ப்பது, தீவகம் எனப்படும் இந்த யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு என்றுமே பெரும்பாடு. இன்று அதைச் செய்ய ஒரு கருவி கைக்கெட்டியிருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்த குரலைக் கணினி வைத்துக்கொண்டு, பட்டியலிலுள்ள இலக்கங்களைத் தானாகவே அழைத்து, எடுத்தவருக்கு அந்தக் குரலைக் கேட்கச் செய்கிறது. அதைச் சட்டத்துக்கு உட்பட்டு எவ்வாறு பயன்படுத்துவது என்பது புதிய கேள்வி போலத் தோன்றும். தீவகத்தின் அறிவித்தல் முறைகளை வரிசையாகப் பார்த்தால் அது மிகப் பழைய கேள்வி என்பது தெரிகிறது. அறிவிப்பவர் யார், யார் பெயரால் அறிவிக்கிறார், கேட்பவர் அவரிடம் திருப்பிக் கேட்க முடியுமா என்பதே ஒவ்வொரு காலத்திலும் அறிவித்தலின் செல்லுபடியைத் தீர்மானித்தது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

அறிவித்தலைச் சட்டத்தின் ஓர் உறுப்பாக எழுத்தில் காட்டும் பழைய சான்று 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழமைச் சட்டம். தீவுகளுக்கு லெய்டன், மிடில்பர்க், ஹார்லெம், ரொட்டர்டாம் என்று தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டிய ஒல்லாந்தரின் காலம் அது. நெடுந்தீவுக்கு அவர்கள் இட்ட டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது. காணி விற்பவர் உரிமைக்காரருக்கும் அயற்காணிக்காரருக்கும் தெரியாமல் விற்கக் கூடாது என்பது பழைய வழமை. ஒல்லாந்தர் ஆட்சியில் அது, ஊர் சேர்ந்த தேவாலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் விற்பனையை அறிவிக்க வேண்டும் என்ற விதியானது. மூன்று முறை அறிவித்ததற்குக் காரணம் உண்டு. ஒருமுறை கேட்கத் தவறியவர் அடுத்த வாரம் கேட்கலாம்; ஆட்சேபம் உள்ளவர் அவ்விடத்திலேயே எழுந்து நிற்கலாம். அறிவிப்பவரும் கேட்பவரும் ஒரே கூரையின் கீழ், முகத்துக்கு முகம் இருந்தார்கள்.

தேவாலயத்துக்கு வெளியே அந்த வேலையைப் பறை செய்தது. சட்டம் இன்னமும் அதைக் கைவிடவில்லை. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டப்படி, பங்குக் காணி வழக்கில் நில அளவைக்கு முன் காணியிலேயே பறையடித்து வாய்மொழியாக அறிவிக்க வேண்டும். பதிவுத் தபாலும் பத்திரிகை விளம்பரமும் வந்த பிறகும் சட்டம் காதை நம்பியது என்பது எனக்கு முக்கியமான செய்தியாகப் படுகிறது. எழுத்து வாசிக்காதவருக்கும் அறிவித்தல் சேர வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது.

ஆனால் பறையறைதலை ஏக்கத்தோடு பேசுவது நியாயமாகாது. அது ஒடுக்கப்பட்ட சமூகத்தின் மீது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்ட வேலை. இழவானாலும் ஏலமானாலும் ஊரைச் சுற்றி அறிவித்தவருக்கு மறுக்கும் உரிமை இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் பறையை மறுத்தது சுயமரியாதைப் போராட்டத்தின் ஒரு பகுதி. குரல் கொடுப்பவரின் சம்மதம் என்ற பிரச்சினை கேட்பவரின் சம்மதத்துக்கு முன்பே இங்கே எழுந்துவிட்டது.

பிறகு வந்தது வானொலி. 1949 இல் ரேடியோ சிலோன் என்ற பெயரைப் பெற்று, 1967 இல் கூட்டுத்தாபனமான இலங்கை வானொலியின் மரண அறிவித்தல் நேரத்தில் தீவக வீடுகள் அமைதியாகிவிடும். கொழும்பில் கடை வைத்திருந்த புங்குடுதீவாருக்கும் ஊரில் இருந்த உறவினருக்கும் ஒரே கணத்தில் ஒரே செய்தியைச் சொன்ன முதற்கருவி அது. ஒரு குரல் பல்லாயிரம் காதுகளை எட்டியது. கேட்பவர் திருப்பிக் கேட்க வழியில்லாமல் போனதும் அத்தோடுதான். ஆயினும் பணம் கட்டி அறிவித்தவர் யார் என்பது அறிவித்தலிலேயே இருந்தது. மனைவி, மக்கள், மருமக்கள் பெயரோடு, தகவல் தருபவர் பெயரும் வரும்.

தொலைபேசியையே வானொலி போல ஆக்கும் எண்ணமும் பழையதுதான். 1893 இல் புடாபெஸ்ட் நகரில் திவாதர் புஷ்காஷ் தொடங்கிய 'டெலிஃபோன் ஹிர்மொண்டோ' சந்தாதாரர்களுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகச் செய்தியும் இசையும் வழங்கியது. அங்கே கேட்டவர் அனைவரும் கேட்கச் சம்மதித்துச் சந்தா கட்டியவர்கள்.

போர்க்காலத்தில் தீவகத்தின் தொடர்புகள் அறுந்தன. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுகளுக்குள் நுழைந்தது; மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். அறிவித்தல் ஒலிபெருக்கிக்கு மாறியது. ஊரடங்கும் சுற்றிவளைப்பும் வாகனத்தில் கட்டிய ஒலிபெருக்கி வழியாகவே சொல்லப்பட்டன. 1995 ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, இலட்சக்கணக்கானோர் அன்றிரவே செம்மணி வெளியைக் கடந்தனர். தீவகத்திலிருந்து முன்பே இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒதுங்கியிருந்தவர்களுக்கு அது இன்னோர் இடப்பெயர்வு. அதிகாரத்தின் குரலுக்குப் பதில் சொல்ல இடமில்லாதபோது அது எவ்வளவு பாரமாகும் என்பதை அந்த இரவைக் கண்ட தலைமுறை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. முன்னே யாருமில்லாத குரல் ஒன்று கட்டளையிடும்போது தீவக முதியவர்கள் கலங்குவதை வெறும் தொழில்நுட்பக் கூச்சம் என்று கொள்வது தவறு.

யாருடைய குரலை நம்புவது என்ற கேள்வியை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாடு முழுவதற்கும் எடுத்துச்சென்றது. பாக்கு நீரிணைக்கு அப்பால், புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தின் அறிவு மையம் ஒன்று அங்கே இயங்கியது. ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கி அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. மக்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். அழைத்தவரை ஊர் அறியும். ஒலிபெருக்கியில் பேசியவரையும் ஊர் அறியும். எச்சரிக்கை பலித்ததற்கு அந்த அறிமுகம் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இலங்கையில் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. அதே காலத்தில் லேர்ன்ஏசியா நிறுவனமும் சர்வோதயமும் சேர்ந்து 32 கரையோரக் கிராமங்களில், கடைசி மைலுக்கு எச்சரிக்கையைக் கொண்டுபோகும் கருவிகளைச் சோதித்தன. செய்மதி வானொலியும் கைத்தொலைபேசியும் சைரன் பூட்டிய அபாயப் பெட்டியும் அவற்றுள் அடங்கும். டயலொக், மைக்ரோஇமேஜ், மொரட்டுவைப் பல்கலைக்கழகம் ஆகியவை உருவாக்கிய எச்சரிக்கை வலையமைப்பு 2009 இல் தொடங்கியது. அது குறுஞ்செய்தியையும் கோபுர ஒலிபரப்பையும் பயன்படுத்தியது. பின்னர், சிம்பாப்வேயில் உருவான 'ஃப்ரீடம் ஃபோன்' மென்பொருளைக் கொண்டு, சர்வோதயத் தொண்டர்கள் தொலைபேசியில் குரலாகவே செய்தி தரவும் பெறவும் முடியுமா என்றும் ஆராய்ந்தார்கள்.

ஆய்வாளர்கள் குரலை நாடியதன் காரணம் தெளிவானது. குறுஞ்செய்தியை வாசிக்கக் கண் வேண்டும்; எழுத்து தெரிய வேண்டும்; பழைய கருவியில் தமிழ் எழுத்து தெரியவும் வேண்டும். இளையவர்கள் வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் போய்விட, மூத்தவர்கள் காவல் இருக்கும் வீடுகள் தீவகத்தில் ஏராளம். அவர்களுக்குத் தொலைபேசி மணியடித்தால் எடுக்கத் தெரியும். செய்தியைத் திறக்கப் பேரப்பிள்ளை வேண்டும். இந்தியாவில் 2007 முதல் இஃப்கோ கிசான் சஞ்சார் நிறுவனம் விவசாயிகளுக்கு ஒரு நிமிடக் குரல் செய்திகளை அனுப்பியதும் இதே காரணத்தால்தான்.

குரல் அழைப்பின் எல்லையையும் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். ஈ1 எனப்படும் வழக்கமான தொலைபேசி இணைப்பு ஒன்று ஒரே நேரத்தில் 30 குரல் அழைப்புகளைத் தாங்கும். மணியடிக்கும் நேரமும் சேர்த்து ஓர் அழைப்புக்கு ஒன்றரை நிமிடம் என்றால், 1,000 இலக்கங்களை ஒருமுறை அழைத்து முடிக்க ஏறத்தாழ 50 நிமிடம் ஆகும். எடுக்காதவர்களை மறுபடி அழைக்க இன்னும் நேரம் வேண்டும். கோபுர ஒலிபரப்போ அந்தக் கோபுரத்தின் கீழுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே தடவையில் போய்விடும்; இலக்கப் பட்டியலும் தேவையில்லை. ஆகவே பேரலை வருகிறது என்று சொல்லப் பதிவுக் குரல் அழைப்பை நம்பக் கூடாது. நாளைக் காலைப் படகு இல்லை, மருத்துவ முகாம் திகதி மாறியிருக்கிறது, தண்ணீர்ப் பவுசர் நாளை மறுதினம் வரும் என்பன போன்ற ஓர் இரவு அவகாசம் உள்ள செய்திகளுக்கு அது மிகப் பொருத்தம். நெடுந்தீவின் அன்றாடத் துன்பங்களில் பெரும்பகுதி இத்தகைய செய்தி வந்து சேராததால் விளைபவை.

சட்டம் கண் வைத்திருப்பது வேறொரு பயன்பாட்டின் மீது. 2004 இந்திய மக்களவைத் தேர்தலில் வாஜ்பாயியின் பதிவுக் குரல் வீடுகளின் தொலைபேசிகளில் ஒலித்தது. பிறகு அரசியலும் வணிகமும் இந்த வழியில் வெகுதூரம் போய்விட்டன. அமெரிக்காவில் பதிவுக் குரல் அழைப்புக்கு முன்சம்மதம் தேவை என்ற சட்டம் 1991 இலேயே வந்தது. இலங்கையில் அதற்கு நெருங்கி வருவது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பொருளையோ சேவையையோ, ஓர் ஆளையோ அமைப்பையோ முன்னிறுத்தும் செய்திகளை, சம்மதம் தந்தவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்கிறது அது. வாய்மொழிச் செய்தியும் அதில் அடங்கும். இனி வேண்டாம் என்று செலவில்லாமல் விலகும் வழியையும் காட்ட வேண்டும். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. தாமதம் வருந்தத்தக்கது. ஆனால் ஒரு சங்கமோ கோயிலோ படகுச் சேவையோ இந்த விதிகளைத் தானாகவே கடைப்பிடிக்க எந்தத் தடையும் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். படகு இல்லை என்று பிரதேச செயலகம் அறிவிப்பது எதையும் முன்னிறுத்தும் செய்தியல்ல. அந்த அறிவித்தலின் கடைசியில் ஓர் அரசியல்வாதியின் வாழ்த்தைச் சேர்த்தால் அது முன்னிறுத்தலாகிவிடும். படகுச் செய்திக்காகக் கொடுத்த இலக்கம் வாக்குச் சேகரிக்கக் கைமாறினால், கொடுத்தவரின் சம்மதமே களவு போகிறது.

புலம்பெயர்ந்த தீவகத்தார் பெருந்தொகையாக வாழும் கனடாவின் அனுபவம் இதில் நமக்குப் பாடமாகும். 2011 மே 2 அன்று, கூட்டாட்சித் தேர்தல் நாளில், ஒன்ராறியோவின் குவெல்ஃப் நகரில் ஆயிரக்கணக்கான தொலைபேசிகளில் ஒரு பதிவுக் குரல் ஒலித்தது. தேர்தல் ஆணையத்தின் பெயரைச் சொல்லி, வாக்களிக்கும் இடம் மாறிவிட்டதாக அது பொய் சொன்னது. பின்னர் ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2014 இல் நிறைவேறிய சட்டத்தால் வாக்காளர் தொடர்புப் பதிவேடு உருவானது. தேர்தல் காலத்தில் பதிவுக் குரல் அழைப்புச் செய்வோர் தம்மைப் பதிவு செய்ய வேண்டும். அழைப்பு யார் பெயரால் வந்தது என்று பிறகு தேடிக் கண்டுபிடிக்க இது வழி செய்தது. மூன்று ஞாயிறு தேவாலயத்தில் அறிவித்தவர் பொய் சொல்லியிருந்தால் அவரை அடையாளம் காட்ட ஊரே இருந்தது. குவெல்ஃபில் அந்த ஊரின் வேலையைச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

இப்போது குரலையே போலியாகச் செய்யலாம். 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கு ஜோ பைடனின் குரலைப் போலச் செயற்கை நுண்ணறிவு கொண்டு செய்த அழைப்பு போனது. அடுத்த மாதமே அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், அத்தகைய குரலும் 1991 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்மானித்தது. தெரிந்த குரல் என்பதால் மட்டும் நம்பிவிட முடியாத காலம் இது. அதனால் குரலோடு அடையாளம் சொல்லும் இலக்கமும் வேண்டும்.

தீவகத்துக்கு ஏற்ற முறை இந்த வரலாற்றிலிருந்தே கிடைக்கிறது. இறங்குதுறையிலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் ஒரு பதிவேடு வைக்கலாம். விரும்பியவர் தம் இலக்கத்தை எழுதி, எந்தச் செய்திக்காகத் தருகிறார் என்பதையும் குறிக்கட்டும். அழைப்பு எப்போதும் ஒரே இலக்கத்திலிருந்து வரவேண்டும்; அந்த இலக்கம் இறங்குதுறைப் பலகையிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் வசனத்திலேயே எந்த அலுவலகம், என்ன திகதி என்று சொல்லிவிட வேண்டும். மறுபடி கேட்க ஓர் இலக்கம், ஆளோடு பேச ஓர் இலக்கம், பட்டியலிலிருந்து விலக ஓர் இலக்கம் என்று கடைசியில் சொல்ல வேண்டும். நயினாதீவின் நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் வருவோர் ஒரே படகில் போவதால், திருவிழாக் கால அறிவித்தல்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருப்பது நல்லது. மற்றைய நாட்களில் தமிழ்தான் முதலில் ஒலிக்க வேண்டும். விளங்காத மொழியில் தொடங்கும் பதிவை ஒரு கிழவி ஐந்து விநாடிக்கு மேல் காதில் வைத்திருக்க மாட்டார்.

குரல் கொடுப்பவரைக் கேட்டுச் சம்மதம் பெற்று, அவர் உழைப்புக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். அவர் நெடுந்தீவாராக இருக்கட்டும். "நாளைக்குக் காலமைப் படகு இல்லை, பின்னேரம் காத்து அடங்கினால் திரும்பச் சொல்லுவம்" என்று ஊர்ப்பேச்சிலேயே அவர் சொல்லலாம். எழுத்துத் தமிழில் அதைத் திருத்த வேண்டியதில்லை.