பியர் ஆலையிலிருந்து ஒரு 'மாணவன்'

புள்ளிவிபரவியல் படிச்ச எல்லாருக்கும் 'ஸ்டூடன்ற் டி' சோதனை தெரியும். அந்த 'மாணவன்' ஒரு பியர் ஆலை ஊழியர் எண்டது கனபேருக்குத் தெரியாது. வில்லியம் சீலி கொசெற், 1899இல் டப்ளின் கின்னஸ் ஆலையில் சேர்ந்தவர். பார்லிப் பரிசோதனைகளில் அவருக்குக் கிடைத்தவை சில அளவீடுகள்தான். அன்றைய சூத்திரங்களோ பெரிய மாதிரிகளுக்கானவை. கொஞ்சத் தரவை நம்பி முடிவெடுத்தால் எவ்வளவு பிழைக்கும்?

3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் குலுக்கி, நாலு நாலாகப் பிரித்து, 750 மாதிரிகளில் தன் கணக்கைச் சரிபார்த்தார். கணினி இல்லாத காலம், பாருங்கோ!

1908இல் 'பயோமெட்ரிக்கா'வில் கட்டுரை வந்தது, புனைபெயரில். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை விடவில்லை. கார்ல் பியர்சனுக்கு இது பெரிசாப் படேல்லை. அவரிட்டத் தரவு குவிஞ்சு கிடந்தது. பிறகு அதை எடுத்து வளர்த்தவர் ரொனால்ட் ஃபிஷர். கொசெற் 1937இல் இறக்கும்வரை கின்னஸிலேயே வேலை செய்தார்.