தேசிய மாணவர் படை

தேசிய மாணவர் படை (என்.சி.சி.) என்பது பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் படைப் பயிற்சியையும் குடிமைப் பயிற்சியையும் ஒருசேர அளிக்கும் இந்திய அமைப்பு. பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. சேருவது மாணவரின் விருப்பம். பயிற்சி முடித்தவர் படையில் பணியாற்றவேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை.

இளைஞரைக் குடிமகனாகவும் வீரனாகவும் ஒரே பயிற்சியில் ஆக்கும் எண்ணம் பழையது. கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் குடிமக்களின் பிள்ளைகள் 18 வயதில் ஊர்ப் பதிவேட்டில் சேர்ந்து ஈராண்டு பயிற்சி பெற்றனர். முதலாண்டு பிரேயஸ் துறைமுகக் காவலோடு வில், ஈட்டி, கவண்பொறி ஆகியவற்றில் பழக்கம். அதன் முடிவில் அரசு கேடயமும் ஈட்டியும் கொடுத்து எல்லைக் கோட்டைகளுக்கு அனுப்பியது. உணவுச் செலவும் அரசுடையதே. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அதில் இடமில்லை.

இந்தியாவில் 1917இல் தொடங்கிய பல்கலைக்கழகப் படையே இதற்கு முன்னோடி. மாணவர் படை பற்றி ஆராய அமைக்கப்பட்ட குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி 1948இல் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 15 அன்று தேசிய மாணவர் படை உருவானது. மறு ஆண்டே மாணவியர் பிரிவும் வந்தது. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரி மாணவருக்குக் கட்டாயமாக்கப்பட்டு, 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது.

அதே 1968 தமிழகத்தில் வேறு காரணத்தால் நினைவுகூரத்தக்கது. ‘சாவ்தான்’ (நேராக நில்), ‘விஷ்ராம்’ (இயல்பாக நில்) என்று இந்தியில் ஒலித்த பரேடு ஆணைகள் மொழிப் போராட்டக் காலத்து மாணவருக்கு உறுத்தலாக இருந்தன. ஜனவரி 23 அன்று அண்ணாதுரை அரசு சட்டமன்றத்தில் கொண்டுவந்த மொழித் தீர்மானம், பள்ளிகளில் மும்மொழித் திட்டத்தைக் கைவிட்டதோடு மாணவர் படையின் இந்தி ஆணைகளையும் எதிர்த்தது. குடிமகனை உருவாக்கும் அரசு அவனிடம் எந்த மொழியில் பேசவேண்டும் என்ற அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது.

பள்ளியில் ஈராண்டு முடித்தவர் ‘ஏ’ சான்றிதழும், கல்லூரியில் தொடர்பவர் ‘பி’, ‘சி’ சான்றிதழ்களும் தேர்வெழுதிப் பெறுகின்றனர். ‘சி’ பெற்ற பட்டதாரிகள் தரைப்படை அதிகாரிப் பணிக்கு எழுத்துத் தேர்வின்றி நேர்காணலுக்குச் செல்லும் வழி உண்டு. பரேடு, துப்பாக்கிப் பயிற்சி, வரைபடம் படித்தல் ஆகியவற்றோடு முதலுதவியும் பேரிடர் மேலாண்மையும் பாடத்தில் உள்ளன.

பட்டாசு ஆலைகள் உள்ள விருதுநகர் மாவட்டத்துக்கு, முதலுதவி, பேரிடர் மேலாண்மை ஆகிய இந்தக் கடைசி இரண்டும்தான் முதன்மையானவை. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருந்து கலக்கும் அறையில் சிறு உராய்வு போதும், பொறி பறந்துவிடும். அலுமினியத் தூள் எரியும்போது தண்ணீர் ஊற்றினால் தீ மூர்க்கமாகும், மணல்தான் போடவேண்டும். வெந்த உடம்புக்கோ ஓடும் தண்ணீரே முதல் மருந்து, எண்ணெயோ பற்பசையோ தடவக்கூடாது. ஒட்டியிருக்கும் துணியைப் பிய்க்கக்கூடாது. இரண்டு மூங்கில் கழிகளில் போர்வையைச் சுற்றித் தூக்குப்படுக்கை செய்ய ஒரு நிமிடம் ஆகாது. பட்டாசு ஆலைக்குப் பெற்றோரை அனுப்பிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு, துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பே இவை கைவரவேண்டும்.