மகளிர் காப்பகம் (மதுரை)

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்ணும் அவள் குழந்தைகளும் அடைக்கலம் பெறும் இல்லம். 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இதற்கு அடிப்படை. புகார் பதியவில்லை என்பதற்காக இடம் மறுக்கக் கூடாது. பெண் விரும்பினால் அவள் அடையாளத்தை வெளியிடவும் கூடாது. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கக் கிராமங்களில் ஊரெல்லாம் உறவாக இருப்பதால் இரண்டாவது விதியின் அருமை அதிகம்.

அவசரத்துக்கு மாவட்டச் சமூக நலத்துறையின் கீழ் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. சிகிச்சை, காவல் உதவி, சட்ட ஆலோசனை, சில நாள் தங்கல் எல்லாம் அங்கே, அழைக்க 181. நீண்ட நாள் தங்க வேண்டியவர்கள் காப்பகத்துக்கு அனுப்பப்படுகிறார்கள்.

காப்பகத் தன்னார்வலரின் வேலை பெரும்பாலும் அந்தப் பெண்ணோடு கூடப் போவதுதான்: அனைத்து மகளிர் காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம். கட்டிய புடவையோடு வந்தவளின் ரேஷன் அட்டை, நகை, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் எல்லாம் கணவன் வீட்டில் இருக்கும். சீர்ப்பொருளைத் திருப்பித் தரும்படி நடுவர் உத்தரவிடலாம். மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காட்டி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்க முடியாது. இதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும்.

‘அனுசரித்துப் போ’ என்று பஞ்சாயத்துப் பேசுபவர் இந்தப் பணிக்கு ஆகார். திரும்பிப் போவதா, வழக்குத் தொடுப்பதா என்பதை அவளே முடிவு செய்வாள். போனவள் மறுபடி வந்தாலும் கதவு திறக்கும். காப்பகத்தில் தங்கியதால் கணவன் வீட்டில் வசிக்கும் உரிமையும் போய்விடாது.